வெட்கம் யாருக்கு உரியது?
சீனச் சொற்களின் வழியே ஒரு வரலாறு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் சீன மொழியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்புத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். உள்ளூர்ச் சாதியைப் பேசவே நாள் போதவில்லை, சீனா எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் மேல் எறியப்பட்ட வசவுகளை நினைத்துப் பாருங்கள். மானங்கெட்டவன், வெட்கங்கெட்டவன், ஈனப்பயல். இந்தச் சொற்களைக் கேட்டே வளர்ந்ததால் அவை எப்படி வேலை செய்கின்றன என்று நம்மால் எட்ட நின்று பார்க்க முடிவதில்லை. வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் அதே வேலை நடந்ததைப் பார்த்தால் நம் வீட்டில் நடப்பது பிடிபடும். எங்கள் படிப்பு வட்டத்தில் லூ சுன் எழுத்துகளை வாசித்தபோது எங்களுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போய்ப் படித்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

காதும் இதயமும்

சீன மொழியில் வெட்கத்துக்கு ஒரு சொல் அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் மூத்தது 'ச்சி'. நாம் அருவருப்பில் சொல்லும் 'சீ' போல ஒலித்தாலும் அது தற்செயல்தான். பழைய எழுத்து வடிவத்தில் இந்தச் சொல் காதையும் இதயத்தையும் சேர்த்து எழுதப்படும். வெட்கப்பட்டவனுக்குக் காது சிவக்கும், அதனால் இப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். ஆனால் கி.பி. 100 வாக்கில் சொல்லகராதி தொகுத்த சூ ஷென், பொருளைத் தருவது இதயம், காது ஒலியைக் காட்டவே வந்தது என்கிறார். இன்று சீனாவில் எழுதும் வடிவத்தில் இதயம் இல்லை. அதன் இடத்தில் 'நில்' என்னும் பொருளுள்ள குறி நிற்கிறது.

அடுத்தது 'ஷியூ'. கூச்சம், நாணம் என்று சொல்லலாம். பிறகு 'குய்'. ஒருவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினோமே என்று உள்ளுக்குள் அரிப்பது அது. நான்காவது 'ரூ'. இதைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் மூன்றும் ஒருவர் மனதில் எழுவதைச் சொல்கின்றன. ரூ என்பது ஒருவர் மேல் இன்னொருவர் செய்வது. இழிவுபடுத்துவது, அவமானப்படுத்துவது. இதற்கும் சூ ஷென் விளக்கம் தருகிறார். பருவக் குறியின் கீழே கை இருப்பது போல் எழுதுவார்கள். உழவுப் பருவத்தைத் தவறவிட்டவனை வயலின் எல்லையில் வைத்துத் தண்டித்ததால் இப்படி வந்தது என்கிறார். அந்தச் சொல்லின் மெய்யான பிறப்பு எதுவாகவும் இருக்கட்டும். இழிவு என்றால் என்ன என்று விளக்க வந்த அறிஞருக்கு வயல் வரப்பில் தண்டிக்கப்பட்டு நிற்கும் ஓர் உழவன்தான் நினைவுக்கு வந்திருக்கிறான்.

இவற்றோடு முகத்தைப் பற்றிய சொற்கள் உண்டு. நாமும் 'ஊர் முகத்தில் எப்படி விழிப்பது' என்கிறோம், முகத்தில் கரி பூசிவிட்டான் என்கிறோம். சீனத்தில் முகத்துக்கு இரண்டு சொற்கள். ஹூ ஷியன்-சின் என்ற பெண் மானுடவியலாளர் 1944இல் எழுதிய கட்டுரையில் இரண்டையும் பிரித்துக் காட்டினார். 'மியன்ட்ஸு' என்பது பதவியால், பணத்தால், செல்வாக்கால் கிடைக்கும் முகம். அதைக் கொடுக்கலாம், கேட்டு வாங்கலாம், பெரிதாக்கலாம். 'லியன்' என்பது நேர்மையாக நடக்கிறவர் என்று ஊர் ஒருவருக்குத் தரும் மதிப்பு. அதை இழந்தவர் ஊரில் தலைகாட்ட முடியாது. வெட்கங்கெட்டவனைத் திட்டும்போது, முகமே வேண்டாம் என்று இருப்பவன் என்ற பொருளில் இந்த லியன் என்னும் சொல்லைத்தான் போடுவார்கள்.

இந்த முகம் எல்லாருக்கும் உண்டா? அங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

அறநூலில் இருந்த வெட்கம்

வெட்கத்தைக் கன்பூசியஸ் மரபு தாழ்வாக நினைக்கவில்லை. சட்டத்தாலும் தண்டனையாலும் மட்டும் ஆண்டால் மக்கள் தப்பிக்க வழி தேடுவார்கள், வெட்கம் என்ற உணர்வு அவர்களுக்குள் வளராது. அறத்தாலும் சடங்கு முறையாலும் நடத்தினால் தாங்களே வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்பது கன்பூசியஸின் கருத்து. மென்சியஸ் இன்னும் ஒருபடி போனார். வெட்கப்படும் நெஞ்சு எல்லா மனிதருக்கும் பிறப்பிலேயே உண்டு, நீதியுணர்வு அதிலிருந்துதான் முளைக்கிறது என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே மூச்சில், அந்த நெஞ்சு இல்லாதவன் மனிதனே அல்ல என்றும் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் உண்டு என்ற பேச்சு, 'உனக்கு இல்லை, ஆகவே நீ மனிதன் இல்லை' என்ற தீர்ப்பாக மாற வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மாறவும் செய்தது. மரியாதைச் சடங்கு சாதாரணக் குடிகள் வரை இறங்க வேண்டியதில்லை, உடல் தண்டனை உயர் அதிகாரிகள் வரை ஏற வேண்டியதில்லை என்ற கருத்து பழைய சடங்கு நூலிலேயே இருக்கிறது. மேலே இருப்பவருக்கு ச்சி என்னும் வெட்கம் ஒரு நற்பண்பு. கீழே இருப்பவருக்கு ரூ என்னும் இழிவு அன்றாடத் தண்டனை.

மேலே இருந்து இந்த இழிவுக்குள் தள்ளப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் சீமா சியன், சீன வரலாற்றெழுத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். கி.மு. 99இல் லி லிங் என்னும் தளபதி படை தோற்றுச் சரணடைந்தபோது அவருக்காகப் பரிந்து பேசினார் என்பது குற்றம். பணம் கட்டி மீள வழி இருந்தது, பணம் இல்லை. சாவுக்குப் பதிலாக ஆண்மை நீக்கத் தண்டனையை ஏற்று, எடுத்த வரலாற்று நூலை முடித்தார். ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இழிவுகளைப் படிப்படியாக அடுக்குகிறார். முன்னோருக்கு இழிவு வராமல் இருப்பது முதல் படி. அங்கிருந்து ஒவ்வொன்றாக இறங்குகிறது. கட்டப்படுவது, அடிபடுவது, தலை மழிக்கப்படுவது, உறுப்பு வெட்டப்படுவது என்று போய், கடைசிப் படியில் தனக்கு நேர்ந்த தண்டனையை வைக்கிறார். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றாரே, அதைப் படித்த நமக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல.

சீமா சியனின் வலியை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர் கையில் எழுதுகோல் இருந்தது. அவருடைய அவமானம் இலக்கியமாயிற்று. அந்தக் கடைசிப் படியிலேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே செத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரும் கடிதம் எழுதி நமக்குக் கிடைக்கவில்லை.

விலை குறைந்த மனிதர்கள்

பேரரசுக் காலச் சீனச் சட்டம் மக்களை இரண்டாகப் பிரித்தது. 'லியாங்' என்றால் நல்லவர்கள். 'ஜியன்' என்றால் கீழானவர்கள். ஜியன் என்ற சொல்லின் எழுத்தில் சோழி இருக்கிறது. சோழி அந்தக் காலத்துப் பணம். விலை குறைந்தது என்பதுதான் அதன் நேர்ப் பொருள். இன்றும் மலிவான பொருளுக்கு அந்தச் சொல் உண்டு. அடிமைகள் தவிர, பிறப்பால் ஜியன் என்று பதியப்பட்ட குழுக்கள் பல இருந்தன. ஷான்சி மாகாணத்தில் இசைக் குடிகள், குவாங்டொங் கரையில் படகிலேயே வாழ்ந்த மக்கள், ஹுய்ஜோவில் பரம்பரை வேலைக்காரர்கள். ஜெஜியாங் மாகாணத்தில் ஷாவோஷிங், நிங்போ பகுதிகளில் 'துவோமின்' மக்கள்.

துவோமின் என்ற பெயரை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒரு விதத்தில் எழுதினால் வீழ்ந்தவர்கள். இன்னொரு விதத்தில் எழுதினால் சோம்பேறிகள். ஆண்கள் தவளை பிடித்தார்கள், மிட்டாய் விற்றார்கள், மேளம் கொட்டினார்கள், இசைத்தார்கள். பெண்கள் மணப்பெண்ணுக்குத் தலைவாரினார்கள், கல்யாண வீடுகளில் ஊழியம் செய்தார்கள், வரன் பேசினார்கள். வெளியே மணம் முடிக்கக் கூடாது. அரசுத் தேர்வு எழுதக் கூடாது. இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்பதற்குச் சொல்லப்பட்ட கதை, எப்போதோ எதிரியிடம் சரணடைந்த படையின் வாரிசுகள் என்பது. ஷான்சி இசைக் குடிகளுக்கும் அப்படி ஒரு கதை. 1402இல் அரியணையைப் பறித்த மன்னரை எதிர்த்த அதிகாரிகளின் பெண்டுபிள்ளைகள் என்பார்கள். கதை உண்மையோ பொய்யோ, தர்க்கம் ஒன்றுதான். முன்னோர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம், பேரப்பிள்ளையின் உடம்பில் வெட்கமாக ஏற்றப்படுகிறது. மேளம் கொட்டுவதும் தலைவாருவதும் எப்படி இழிவாகும்? யார் செய்கிறார்கள் என்பதால் இழிவாகும். இந்த அவையில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1723இல் யோங்செங் பேரரசர் ஆணை பிறப்பித்தார். இசைக் குடிகளும் துவோமின் மக்களும் ஜியன் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1727இல் ஹுய்ஜோ வேலைக்காரர்கள், 1729இல் படகு மக்கள். பெரிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் 1727ஆம் ஆண்டு ஆணையில் மன்னர் சொன்ன காரணத்தைப் பாருங்கள். திருந்த ஒரு வழி கொடுத்து, நேர்மையும் வெட்க உணர்வும் வளரச் செய்து, ஒழுக்கத்தைப் பரப்பவே இதைச் செய்தேன் என்பது அதன் சாரம். அங்கே மன்னர் பயன்படுத்திய சொல்லில் ச்சி இருக்கிறது. அதாவது, இந்த மக்களுக்கு அதுவரை வெட்கம் இல்லை, இனிமேல் வரட்டும் என்கிறார். தலைமுறை தலைமுறையாக இழிவுபடுத்திய அரசுக்கு வெட்கம் இல்லை. இழிவுபட்டவர்களுக்கு வெட்கம் கற்றுக் கொடுக்கிறார்கள். விடுதலை ஆணைக்குள்ளேயே வசவு ஒளிந்திருந்தது.

அந்த வசவு 1771இல் விதியாகவே வந்தது. விடுவிக்கப்பட்டவர் அரசுத் தேர்வு எழுத வேண்டுமானால், பழைய தொழிலை விட்டதாக அரசிடம் அறிவித்தவரிலிருந்து நான்கு தலைமுறை கழிய வேண்டும். நெருங்கிய உறவினர் அத்தனை பேரும் 'ச்சிங்பாய்' ஆக இருக்க வேண்டும். ச்சிங்பாய் என்றால் தெளிந்தது, வெண்மையானது, மாசில்லாதது. தீட்டு என்ற சொல் இல்லை. தூய்மை என்ற சொல் போதுமானதாக இருந்தது. நான்கு தலைமுறை என்றால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. 1905இல் அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டுவிட்டது. 1912இல் குடியரசு வந்ததும் சன் யாட்-சென் இன்னொரு ஆணை போட்டார். படகு மக்களுக்கும் துவோமின் மக்களுக்கும் எல்லாரையும் போல உரிமை உண்டு என்று. 1723இல் விடுவிக்கப்பட்டவர்களை 1912இல் மறுபடியும் விடுவிக்க வேண்டியிருந்தது.

ஷாவோஷிங் ஊர்ப் பெண்

லூ சுன் 1881இல் பிறந்தது இதே ஷாவோஷிங்கில். துவோமின் மக்களைப் பற்றி 1933இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சம்பவம். குடியரசு வந்த பிறகு அவருடைய தாயார், வீட்டுக்கு வழக்கமாக வரும் ஒரு துவோமின் பெண்ணிடம், இனி நாமெல்லாரும் ஒன்றுதான், நீங்கள் வரவேண்டியதில்லை என்று சொல்கிறார். அந்தப் பெண் மகிழவில்லை. முகம் மாறி, கோபத்தோடு, இது என்ன பேச்சு, நாங்கள் ஆயிரம் தலைமுறைக்கும் வந்துகொண்டேதான் இருப்போம் என்ற விதமாகப் பதில் சொல்கிறாள். சில்லறை இனாமுக்காக அடிமையாக இருக்கவே விரும்பும் மனநிலை என்று லூ சுன் இதைக் கசப்போடு முடிக்கிறார்.

லூ சுன்னை நாம் மதிக்கிறோம். இந்த இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. அவரே அதே கட்டுரையில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு துவோமின் குடும்பத்துக்கும் இன்னின்ன வீடுகள் என்று உண்டு. மாமியார் இறந்தால் மருமகள் போவாள். அது சொத்து போலத் தலைமுறைக்கு இறங்கும். மிகவும் வறுமை வந்தால் அந்த உரிமையை விற்பார்கள். அப்படியானால் அந்தத் தாயார் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும்? சமத்துவம் வந்தது என்றா விழுந்திருக்கும்? உன் சொத்து இன்றோடு செல்லாது, கையில் எதுவும் தரமாட்டோம் என்று விழுந்திருக்கும். நிலம் இல்லை, வேறு வேலை இல்லை, ஒன்றுதான் என்ற வார்த்தை மட்டும் உண்டு.

இதைச் சொல்ல நமக்கு உரிமை வந்தது படிப்பால் மட்டும் அல்ல. இளைஞர்களாக இருந்தபோது நாமும் ஊர் ஊராகப் போய், சாவுக்குப் பறையடிக்கப் போகாதீர்கள், இழிதொழிலை விடுங்கள் என்று பேசினோம். சரியான போராட்டம்தான்; இன்றும் அதில் மாற்றமில்லை. ஒரு சேரியில் வயதான தாத்தா ஒருவர் நம்மைப் பார்த்துக் கத்தினார். "ஏன்டா, உங்க அப்பனா வந்து சோறு போடுவான்? இது எங்க பாட்டன் வாங்குன ஊருடா!" நாம் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், வெட்கங்கெட்ட கிழவன் என்று ஒரு தோழர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஆண்டைகள் நம் பாட்டனைச் சொன்ன அதே சொல்லை, அவருடைய பேரன்கள் நாம் சொன்னோம். ஷாவோஷிங் பெண்ணைப் படித்த அன்று அந்தத் தாத்தாவின் முகம் வந்து நின்றது. அவருக்கு நாம் 'குய்' பட்டிருக்கிறோம். அந்தச் சீனச் சொல்லுக்குச் சரியான பொருள் எங்களுக்கு அன்றுதான் புரிந்தது.

பெயருக்கு விழுந்த அறை

லூ சுன்னின் 'ஆ கியூவின் உண்மைக் கதை' 1921 டிசம்பர் முதல் 1922 பிப்ரவரி வரை ஒரு நாளிதழின் இணைப்பில் தொடராக வந்தது. ஆ கியூ நிலமற்ற, வீடற்ற கூலி. அவன் தலையில் சொறித் தழும்பு. அந்த வெட்கத்தால் 'சொறி' என்ற சொல் அவன் முன்னால் வரக்கூடாது. பிறகு 'பளபளப்பு' கூடாது, 'வெளிச்சம்' கூடாது, கடைசியில் 'விளக்கு', 'மெழுகுவத்தி' கூடக் கூடாது. ஒடுக்கப்பட்டவன் மனதில் வெட்கம் ஏற்றப்பட்டால் மொழியே அவனுக்குக் கண்ணிவெடி வயலாகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர் அரிது. ஊர்ப் பெயரைக் கேட்டால் பக்கத்து ஊரைச் சொன்ன நம் மாணவர்களுக்கு இது தெரியும்.

அதே கதையில், பெரிய வீட்டு ஜாவோவும் நானும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் என்று ஆ கியூ சொல்லிவிடுகிறான். ஜாவோ அவனைக் கூப்பிட்டு, அந்தப் பெயர் வைக்க நீ தகுதியா என்று கேட்டு அறைகிறார். ஊர் அதற்குப் பிறகு ஆ கியூவைச் சற்று மரியாதையோடு பார்க்கிறது, பெரியவர் கையால் அறை வாங்கினான் அல்லவா? 1934இல் முகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் லூ சுன் இதைத் தொடுகிறார். பெருந்தனக்காரர் என்னோடு பேசினார் என்று ஒருவன் பெருமையடிக்கிறான். என்ன பேசினார் என்றால், வாசலில் நின்றேன், 'போடா' என்றார் என்கிறான். அந்த முகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

வெட்கம் இடம் மாறியது, பிறப்பு மாறவில்லை

அந்த 1934இல்தான் சியாங் கை-ஷேக் புதுவாழ்வு இயக்கம் தொடங்கினார். அதன் நான்கு பழைய அறங்களில் கடைசி ச்சி. மக்களுக்கு வெட்கம் கற்றுத்தர அரசு மீண்டும் கிளம்பியது. இதற்கு முன்பே, 1915இல் ஜப்பான் 21 கோரிக்கைகளைத் திணித்த நாள் முதல், 'குவோச்சி', நாட்டின் அவமானம் என்ற சொல் பள்ளிகளிலும் தெருக்களிலும் ஒலித்தது. வெளியார் செய்த அவமானத்தை நாடே எண்ணி எண்ணிப் பார்த்தது. அந்தக் கணக்கில் துவோமின் பெண்ணுக்கு இடமில்லை.

1940களின் பிற்பகுதியில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது கணக்கு மாறியது. ஊர்க் கூட்டத்தில் ஏழைகள் எழுந்து நின்று தங்கள் கசப்பைச் சொன்னார்கள். இதற்கு 'ஸூகூ' என்று பெயர், கசப்பை முறையிடுதல். பிள்ளையை விற்றது, பிச்சை எடுத்தது, அடி வாங்கியது எல்லாம் அதுவரை வெளியே சொல்ல வெட்கப்பட்டவை. சொன்னதும் அது சுரண்டல் என்று பெயர் பெற்றது. என் வெட்கம் என்று இருந்தது, அவன் குற்றம் என்று ஆயிற்று. தலித் தன்வரலாறுகள் நமக்குச் செய்ததும் இதைத்தான்.

ஆனால் அதே கூட்டங்களில் காகிதத் தொப்பி மாட்டி இழுத்துப் போவதும் நடந்தது. 1966க்குப் பிறகு அது நாடெங்கும் பரவியது. கழுத்தில் பலகை, தலையில் தொப்பி, கூட்டத்தின் முன் குனிய வைத்தல். ரூவைக் கையில் எடுத்தவர்கள் அதைக் கீழே வைக்கவில்லை. அதோடு வம்சக் கோட்பாடு வந்தது. அப்பன் வர்க்க எதிரி என்றால் பிள்ளையும் எதிரி. பதிவேட்டில் மறுபடியும் பிறப்பு ஏறியது.

அதை எதிர்த்து எழுதினார் யூ லுவோகே என்ற 24 வயது தொழிலாளி. பெற்றோர் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டதால் அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. 'குடும்பப் பிறப்பைப் பற்றி' என்ற அவருடைய கட்டுரை 1967 ஜனவரியில் அச்சாயிற்று. முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர்கள், இந்தியச் சூத்திரர்கள், ஜப்பானின் தீண்டப்படாதோர் நிலைக்கும் என்ன வேறுபாடு என்று அதில் கேட்டார். பெய்ஜிங்கில் உட்கார்ந்து ஓர் இளைஞன் நம் நாட்டுச் சாதியை உவமையாக எடுத்தான், தோழர்களே. 1970 மார்ச் 5 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1979இல் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். ரூ வேறு, ச்சி வேறு. நமக்குச் செய்யப்பட்டது அவமானம். அதற்காக வெட்கப்பட வேண்டியவர் செய்தவர். இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டுவதுதான் பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் எல்லாச் சமூகங்களின் வித்தை. மன்னர் விடுதலை கொடுத்தபோதும் அதைச் செய்தார். புரட்சி வந்த பிறகும் அது நடந்தது. அந்தத் தாத்தாவிடம் நாமும் செய்தோம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், மானம், வெட்கம், ஈனம் என்று வழங்கும் சொற்களையெல்லாம் எழுதுங்கள். யார் யாரைச் சொன்னது, எப்போது சொன்னது என்றும் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடாதீர்கள், கோபத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாத்தாவிடம் நாம் உட்கார்ந்து கேட்டிருந்தால், அவருடைய பாட்டன் எந்தப் பஞ்சத்தில், எதைக் கொடுத்து அந்த ஊரை வாங்கினார் என்று இன்று உங்களுக்குச் சொல்லியிருப்போம். கேட்காமல் வந்துவிட்டோம். அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்களில் ஒருவர் அப்படி ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.